வாதாபிப் பாறையில் ஒரு நாள்

ஆனியில் சாரல் விழுந்தால் குற்றாலம், ஆடி அமாவாசைக்குப் பாபநாசம், எப்போதாவது திருச்செந்தூர் - எங்கள் குடும்பத்தின் பிரயாணம் எல்லாம் இந்த வட்டத்துக்குள்தான். அப்படிப்பட்ட நான் போன மார்கழியில் இடுப்பில் வாரும் தலையில் ஹெல்மெட்டுமாக, ஒரு செங்குத்துப் பாறையில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றேன் என்றால் நம்புவீர்களா சகோதரிகளே? என் நாத்தனார் இன்னும் நம்பவில்லை. போட்டோவைக் காட்டியும், "இது நீங்க இல்ல மைனி, வேற யாரோ" என்று சாதிக்கிறாள்!

எனக்கு வயது 46. தாமிரபரணிக் கரையில் இருக்கும் முக்கூடலில் பிறந்து, அதே ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவள். முக்கூடல் என்றால் பலருக்கும் பீடிதான் ஞாபகத்துக்கு வரும். கல்யாணத்துக்கு முன் நானும் மடியில் பீடித் தட்டை வைத்துக்கொண்டு இலை சுருட்டியவள்தான். பத்தாவதோடு படிப்பு நின்றது. பிறகு வீடு, அடுப்பங்கரை, ஒரே மகள்.

அந்த மகளால் வந்த பிரயாணம்தான் இது. அவளுக்கு 23 வயது. பெங்களூரில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் தோழிகளோடு பாறை ஏறப் போய்விடுவாள். ஒரு நாள் போன் செய்தாள்.

"எம்மா, உத்தரகாசியில மலை ஏறக் கத்துக் குடுக்கிற பள்ளிக்கூடம் இருக்கு. 28 நாள் பயிற்சி. போகட்டுமா? நீ சரின்னு சொன்னாத்தான் பணம் கட்டுவேன்."

"வேண்டாம்" என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

அதற்குக் காரணம் உண்டு. அவளுக்கு ஒன்பது வயதாயிருந்தபோது, பக்கத்து வீட்டுப் புளிய மரத்தில் ஏறி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. ஆறு வாரம் மாவுக் கட்டு. குழந்தை அழவில்லை, நான்தான் அழுதேன். எலும்பு கூடிவிட்டது. ஆனால் என் மனசில் விழுந்த முறிவு கூடவில்லை. அன்று முதல் "கீழ இறங்குட்டி!" என்பதுதான் என் வாயில் எப்போதும் இருக்கும் மந்திரம். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர், ஆற்றுப் படித்துறை, பள்ளிக்கூடத்து விளையாட்டு, எல்லாவற்றிலிருந்தும் அவளைக் கீழே இறக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசமாட்டார். அன்று மட்டும், "ஒரு தடவை அவ கூடப் போய்ப் பார்த்துட்டு வந்து வேண்டாம்னு சொல்லு. பார்க்காமலே சொல்லாத" என்றார். அது நியாயமாகத்தான் பட்டது. பார்த்துவிட்டு வந்து இன்னும் பலமாக வேண்டாம் என்று சொல்லலாம் என்று கிளம்பினேன்.

மகள் என்னை அழைத்துப் போன ஊர் பாதாமி. கர்நாடகத்தில் பாகல்கோட்டை மாவட்டத்தில் இருக்கிறது. பெங்களூரிலிருந்து ஹூப்ளி, கதக் வழியாக விஜயபுரா பக்கம் போகும் ரயிலில் இரவு ஏறினோம். ஸ்டேஷனிலிருந்து ஊர் ஐந்து கிலோமீட்டர், ஆட்டோ கிடைக்கிறது.

பாதாமி என்றால் தெரியாது. வாதாபி என்றால் நம் எல்லோருக்கும் தெரியும். கல்கியின் 'சிவகாமியின் சபதம்' படித்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். சாளுக்கிய மன்னன் புலிகேசியின் தலைநகர் இதுதான். பல்லவன் நரசிம்மவர்மன் 642-ஆம் ஆண்டில் படையோடு வந்து பிடித்த நகரமும் இதுதான்.

அதைவிட என்னை ஆச்சரியப்படுத்தியது ஊர் நடுவே இருக்கும் குளத்தின் பெயர். அகஸ்திய தீர்த்தம்! எங்கள் தாமிரபரணிக்கு அகத்தியர் தகப்பன் மாதிரி. பொதிகையில் இருப்பவர் இங்கே எப்படி வந்தார்? அப்புறம்தான் உறைத்தது. வாதாபி என்ற அசுரன் ஆட்டுக்கறியாக மாறி அகத்தியர் வயிற்றுக்குள் போனதும், அவர் வயிற்றைத் தடவி "வாதாபி ஜீரணம்" என்றதும் நமக்குத் தெரிந்த கதைதானே? குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு அதன் வயிற்றைத் தடவி நாம் சொல்வதும் அதுதானே? என் மகளுக்கு எத்தனை நாள் அப்படித் தடவிவிட்டிருப்பேன்! அந்த வாதாபி ஊரில் அவளோடேயே போய் நிற்பேன் என்று அப்போது யார் கண்டது?

குளத்தின் இரண்டு பக்கமும் செக்கச் செவேலென்று பாறைச் சுவர்கள். எங்கள் பக்கத்து மலை எல்லாம் கருங்கல். இது மணற்கல். பல கோடி ஆண்டுகளுக்கு முன் தண்ணீர் கொண்டுவந்து சேர்த்த மணல், அடுக்கடுக்காகப் படிந்து, மேல் பாரத்தால் அழுந்தி இறுகிக் கல்லாகியிருக்கிறது. வாழை இலையில் அடுக்கி வைத்த ரவா கேசரி மாதிரி வரி வரியாகத் தெரிகிறது. கையால் தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கிறது. அந்தச் சொரசொரப்பும், அடுக்குகளின் இடையே உள்ள விளிம்புகளும்தான் ஏறுகிறவர்களுக்குப் பிடிமானம். இதனால் நம் நாட்டிலிருந்து மட்டுமல்ல, வெளிநாட்டிலிருந்தும் பாறை ஏறுகிறவர்கள் இங்கே வருகிறார்கள்.

மறுநாள் காலை ஆறரைக்கே வழிகாட்டித் தம்பி வந்துவிட்டார். உள்ளூர்க்காரர், முப்பது வயதுக்குள் இருக்கும். கன்னடமும் கொஞ்சம் இங்கிலீஷும் பேசினார். மகள் எனக்கு மொழிபெயர்த்தாள். என்னைப் பார்த்ததும், "அம்மா சும்மா பார்க்க வந்தாங்களா, ஏறவா?" என்று கேட்டார். "பார்க்க" என்று நான் சொல்வதற்குள் மகள், "ஏற!" என்று சொல்லிவிட்டாள்.

குகைக் கோயில்களும் கோட்டையும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. அங்கே யாரும் பாறை ஏறக்கூடாது. அவற்றுக்கு ஒதுங்கினாற்போல் ஊருக்கு வெளியே இருக்கும் பாறைக்குத்தான் போனோம். முட்செடிகளுக்கு இடையே கால் மணி நேர நடை.

போனதும் ஏறிவிடவில்லை. முதலில் தம்பி பாறையை அண்ணாந்து ஒரு சுற்றுப் பார்த்தார். என்ன என்றேன். தேன்கூடாம். உயரமான பாறைகளில் மலைத்தேனீ கூடு கட்டும். சத்தத்திலோ வாசனையிலோ அது கலைந்தால் கயிற்றில் தொங்குகிறவன் தப்ப முடியாது. பிறகு, கடைசியாக மழை எப்போது பெய்தது என்று மகளுக்கு ஒரு பாடம் சொன்னார். மணற்கல் நனைந்தால் பலம் குறைந்துவிடுமாம். வெளியே காய்ந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். பிடித்த விளிம்பு கையோடு பெயர்ந்து வந்துவிடும். பாதாமிக் கல் நன்றாக இறுகியது. ஆனாலும் மழைக்குப் பின் ஒன்றிரண்டு நாள் காயவிட்டுத்தான் ஏறவேண்டும். பாலைவனத்து மணற்கல்லில் இந்த ஜாக்கிரதை இன்னும் அதிகம் வேண்டுமாம்.

"பாலைவனத்திலயா ஏறுவாங்க?" என்று கேட்டேன். ஜோர்டான் நாட்டில் வாடி ரம் என்று ஒரு செம்மணல் பாலைவனம் இருக்கிறதாம். மணலுக்கு நடுவே மணற்கல் மலைகள் சுவர் மாதிரி நிற்குமாம். அங்குள்ள பெதுவின் மக்கள் காட்டாடு வேட்டைக்காகக் கயிறில்லாமலே அவற்றில் ஏறி வழி கண்டவர்கள். 1984-ல் டோனி ஹோவர்ட் என்ற ஆங்கிலேயர் போய் அந்த வழிகளை எழுதி வைத்த பிறகு, உலகமே அங்கே ஏறப் போகிறது. அந்த வேட்டைக்காரர்களின் பிள்ளைகள் இன்று வழிகாட்டிகளாக இருக்கிறார்கள் என்றாள் மகள். அவளுடைய ஆசைப் பட்டியலில் அதுவும் இருக்கிறது போலும். நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

இப்போது வேஷம் கட்டும் படலம். சேலையோடு வார் மாட்ட முடியாது என்று மகளின் சூடிதாரைப் போட்டுக்கொண்டேன். இடுப்பிலும் இரண்டு தொடையிலும் சேர்த்து இறுக்கும் வார். தலைக்கு ஹெல்மெட். கண்ணாடி வளையல், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். பாறை இடுக்கில் மோதிரம் மாட்டிக்கொண்டால் விரலே போய்விடுமாம். தாலிக்கொடியைச் சட்டைக்குள் போட்டு, மேலே ஒரு துணியால் இறுக்கிக் கட்டினாள் மகள்.

கடைசியில் செருப்புக்குப் பதில் ஒரு ரப்பர் ஷூ. விரல்கள் மடங்கும்படி இறுக்கமாக இருக்க வேண்டுமாம். மெட்டியோடு கால் உள்ளே போகவில்லை.

"மெட்டியைக் கழற்றணும்மா" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. 25 வருஷமாகக் காலில் கிடப்பது. அந்தப் பாறையடியில் நின்றே வீட்டுக்குப் போன் போட்டேன். "ஏங்க, மெட்டியைக் கழற்றச் சொல்லுதாங்க."

"நான் இங்க நல்லாத்தான் இருக்கேன். கழற்றி வச்சிட்டு ஏறு. இறங்கினதும் போட்டுக்க" என்றார். கைக்குட்டை நுனியில் முடிந்து மகளிடம் கொடுத்தேன்.

கயிற்றைப் பற்றிச் சொல்லவேண்டும். நம் கிணற்றுக் கயிறு மாதிரி முறுக்கிய கயிறு அல்ல அது. உள்ளே திரிதிரியாக நைலான் நூல், வெளியே பின்னிய உறை. ஆள் விழுந்தால் கொஞ்சம் நீண்டு கொடுக்கும். அதனால் உடம்பு அதிராது. பாறை உச்சியில் உறுதியாக அடித்த இரும்பு வளையங்கள் வழியாகக் கயிறு போய்த் திரும்பி வருகிறது. ஒரு முனை ஏறுகிறவரின் வாரில். எட்டு மாதிரி ஒரு முடிச்சு, அதையே இன்னொரு முறை பின்பற்றிப் போடுகிறார்கள். மறுபக்கம் கீழே நிற்பவரின் வாரில் உள்ள ஒரு கருவி வழியாகப் போகிறது. ஏற ஏற அவர் தொய்வை இழுத்துக்கொள்வார். விழுந்தால் கருவி கயிற்றைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். ஏறும் முன் ஒருவர் முடிச்சை மற்றவர் கட்டாயம் தொட்டுப் பார்க்கவேண்டும். எத்தனை வருஷம் பழகியவர்களுக்கும் இதில் விலக்கு இல்லை.

எனக்குக் கொடுத்த பாறை நாலு மாடி உயரம் இருக்கும். கொஞ்சம் சாய்ந்தது, படிக்கத் தொடங்குகிறவர்களுக்கானது. முதல் பத்தடி ஏறிவிட்டேன். அப்புறம் கையால் உடம்பை இழுத்து இழுத்து மூச்சு வாங்கியது. "அம்மா, கை பிடிக்க மட்டும்தான். கால்தான் ஏத்தும். காலைப் பாருங்க" என்று கீழிருந்து குரல் வந்தது. உண்மைதான். நம் உடம்பில் பெரிய தசை தொடையில்தானே இருக்கிறது? காலை ஒரு விளிம்பில் வைத்து நிமிர்ந்தேன். உடம்பு தானாக மேலே போயிற்று.

ஓர் இடத்தில் கைக்கு அகப்பட்டது ஒரு ரூபாய்க் காசு கனத்துக்கு ஒரு விளிம்புதான். விரல் நுனியால் அழுத்திப் பிடித்தேன். நின்றது! இலையைச் சுருட்டிச் சுருட்டி உரமேறிய நுனிகள் அல்லவா? அந்த வேலையை ஒரு நாளும் பெருமையாக நினைத்ததில்லை. அன்று நினைத்தேன்.

ஆனால் முக்கால்வாசிக்கு மேல் போகமுடியவில்லை. தெரியாத்தனமாகக் கீழே பார்த்துவிட்டேன். கொதிக்கிற இட்லிப் பானையின் மூடி மாதிரி வலது கால் கிடுகிடுவென்று ஆட ஆரம்பித்தது. "இறக்குங்க" என்றேன். இறங்குவதுதான் இன்னும் கஷ்டம். பாறையை விட்டுக் கையை எடுத்து, கயிற்றில் உட்கார்ந்தாற்போல் பின்னால் சாயவேண்டும். பிடித்ததை விட மனசு வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு விட்டேன். கயிறு தாங்கியது. தொட்டில் இறங்குவதுபோல மெதுவாகத் தரைக்கு வந்தேன்.

உச்சி தொடவில்லை என்று எனக்கு வருத்தமே இல்லை. கால் மணி நேரம் இந்த உலகத்தில் நானும் அந்தக் கல்லும் மட்டும் இருந்தோம். அடுப்பில் பால் வைத்த ஞாபகம்கூட வரவில்லை!

வெயில் ஏறியதும் மரத்தடிக்கு வந்தோம். வாழைப்பழச் சீப்பைக் குரங்கு கொண்டுபோயிற்று. நல்லவேளை, ஜோள ரொட்டிப் பொட்டலம் தப்பியது. சோள மாவைக் கையால் தட்டிச் சுடுகிறார்கள். கூட எண்ணெய்க் கத்திரிக்காய், வேர்க்கடலைச் சட்னிப் பொடி, கெட்டித் தயிர். களைத்த வயிற்றுக்கு அமிர்தம்தான், போங்கள்!

சாப்பிடும்போது மகள் உத்தரகாசிப் பேச்சை எடுத்தாள். அந்தப் பள்ளி 1965-ல் தொடங்கியது. 1984-ல் எவரெஸ்ட் உச்சி தொட்ட முதல் இந்தியப் பெண் பச்சேந்திரி பால் அங்கே படித்தவர்தான். உலகத்திலேயே முதலில் ஏறிய பெண், 1975-ல் ஏறிய ஜப்பானிய ஜுன்கோ தாபெய், வீட்டில் சின்னக் குழந்தையை விட்டுவிட்டுப் போன தாய். நம் விருதுநகர் மாவட்டத்து முத்தமிழ்ச்செல்வி 2023-ல் ஏறினார். தமிழ்நாட்டிலிருந்து ஏறிய முதல் பெண், அவரும் ஒரு தாய். எல்லாம் கேட்டுக்கொண்டேன். பதில் சொல்லவில்லை. அவர்கள் அம்மாமார் அன்று என்ன செய்துகொண்டிருந்திருப்பார்கள் என்றுதான் என் யோசனை போயிற்று.

பிற்பகல் நிழல் விழுந்ததும் மகளின் முறை. நேர்ச் சுவர், என்னுடையதைவிட இரண்டு மடங்கு கடினம். தம்பி என்னைப் பார்த்து, "அம்மா, நீங்க கயிறு பிடிக்கிறீங்களா?" என்றார்.

வயிற்றில் புளியைக் கரைத்தது. "நான் பின்னால இதே கயிற்றைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். பயப்படாதீங்க" என்றார். தரையிலேயே அரை மணி நேரம் பழக்கினார். ஒரே ஒரு விதிதான் முக்கியம்: கருவிக்குக் கீழே கயிற்றைப் பிடித்திருக்கும் வலது கை எதற்காகவும் கயிற்றை விடக்கூடாது. ஈ உட்கார்ந்தாலும் சரி, மூக்கு அரித்தாலும் சரி.

அவள் முடிச்சை நான் தொட்டுப் பார்த்தேன். என் கருவியை அவள் பார்த்தாள். ஏறினாள்.

நான் தொய்வை இழுத்தேன். இன்னும் இழுத்தேன். தொய்வு இருந்தால் விழுந்துவிடுவாளே! ஓர் இடத்தில் அவள் காலை இடது பக்கம் எடுத்து வைக்கப் பார்த்தாள், முடியவில்லை. மறுபடி பார்த்தாள், முடியவில்லை. மேலிருந்து சத்தம் வந்தது.

"எம்மா, கயிற்றைக் கொஞ்சம் விடு! நீ இழுத்துப் பிடிச்சா நான் எப்படி அசைய?"

தம்பி பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார். "ஒரு ஜாண் போதும்மா. ரொம்ப விட்டா ஆபத்து. ரொம்ப இழுத்தா அவங்களால ஏற முடியாது, சமநிலையும் போயிடும்."

ஒரு ஜாண் விட்டேன். விட்டதும் அவள் கால் அந்த விளிம்புக்குப் போயிற்று. ஒரு எட்டு, இன்னொரு எட்டு. அந்த அழகைச் சொல்லத் தெரியவில்லை. சின்னப் பிள்ளையில் புளிய மரத்தில் ஏறியதை நான் பார்க்கவேயில்லை. விழுந்த பிறகுதான் ஓடிப் போனேன். இவ்வளவு நன்றாக ஏறுவாள் என்று எனக்குத் தெரியாமலே போயிருக்கிறதே!

உச்சிக்கு இரண்டு ஆள் உயரம் இருக்கும்போது கை வழுக்கியது. "எம்மா!" என்றாள். என் இடுப்பு வார் சடக்கென்று மேலே இழுத்தது. குதிகால் தரையிலிருந்து எழும்பிற்று. வலது கை கயிற்றை விடவில்லை. அவள் முழங்கை நீளம்கூட இறங்கவில்லை. கயிற்றில் ஆடிக்கொண்டே கீழே பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன்.

"கீழ இறங்குட்டி" என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. சத்தியமாக வந்தது. முழுங்கிவிட்டு, "கொஞ்சம் இளைப்பாறிட்டு ஏறு. நான் பிடிச்சிருக்கேன்" என்றேன்.

அவள் ஏறி உச்சி தொட்டாள்.

இறக்கிவிட்ட பிறகுதான் என் கை நடுங்கியது. அவள் ஒன்றும் பேசாமல் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து, கீழே உட்கார்ந்து, என் காலில் மெட்டியைப் போட்டுவிட்டாள். அங்கேயே சொல்லிவிட்டேன். "போயிட்டு வா. பணம் கட்டு. ஆனா தினமும் சிக்னல் கிடைக்கிற இடத்திலிருந்து ஒரு வார்த்தை பேசணும்."

மறுநாள் குகைக் கோயில்களைப் பார்த்தோம். பாறையையே குடைந்து செய்த நாலு குகைகள். முதல் குகையில் பதினெட்டுக் கை நடராஜர். மூன்றாவது விஷ்ணு குகையில் 578-ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. சொரசொரவென்று என் விரலைத் தேய்த்த அதே கல்லில் இத்தனை வழவழப்பான கன்னங்களா என்று கும்பிட்டேன்.

போக நினைக்கும் சகோதரிகளுக்குச் சில குறிப்புகள். நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் இதமான காலம். வெயில் காலத்தில் கல் அனலாகக் கொதிக்கும். வழிகாட்டி இல்லாமல் ஏறவே கூடாது. அவருடைய கயிறும் வாரும் பழையதா, நைந்ததா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். ஆளுக்கு மூன்று லிட்டராவது தண்ணீர் வேண்டும். இதய நோய், ரத்தக் கொதிப்பு, மூட்டு வலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் போகவேண்டாம். கர்ப்பிணிகளுக்கு இது வேண்டவே வேண்டாம். மறுநாள் முழங்கையும் தோளும் வலிக்கும். வெந்நீர் ஒத்தடமும் ஓய்வும் போதும். இரண்டு நாளில் சரியாகிவிடும்.

ஊருக்கு வந்த மறுவாரம் ஆற்றுக்குக் குளிக்கப் போனேன். கரையில் நின்ற மருத மரத்தில் எதிர்வீட்டுப் பையன் ஏறிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், திட்டப் போகிறேன் என்று அப்படியே நின்றுவிட்டான்.

"பச்சைக் கிளையாப் பார்த்துப் பிடிடா. காலை முதல்ல நல்லா ஊணிக்க" என்று சொல்லிவிட்டு, அவன் இறங்கி வரும் வரை மரத்தடியிலேயே நின்றேன்.